ஆவியில் விழுந்தவனுக்கு ஆம்புலன்ஸ்

ஸ்பைஸ்வுட் ஓடை, கென்டக்கி
மார்ச் 4

கர்த்தருக்குள் அன்பான டெல்சி அக்காவுக்கு, தம்பி ஹோபர்ட் எழுதுவது.

நானும் நாயும் சுகம். உன் முட்டிவலி தேவலையா? டேட்டனில் இன்னும் பனி கொட்டுகிறதா? இங்கே பனி நின்று சேறு ஆரம்பித்துவிட்டது. போன வாரம் பக்கத்து வீட்டு பர்ல், பூட்ஸ் ஒன்று சேற்றில் மாட்டி, காலை மட்டும் உருவிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். பூட்ஸ் இன்னும் அங்கேயே நிற்கிறது, யாரோ பூமிக்குள் நடந்து போன மாதிரி.

சொல்ல வந்தது அதில்லை. போன் போட்டால் உனக்குக் காது கேட்காது, எனக்கு இந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது. ஊர்வாயிலிருந்து உன் காதுக்கு வருவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சபையில், பரிசுத்த ஆவி இறங்கி விழுவார்களே, அப்படி ஆவியில் விழுந்தேன்.

ஆமாம், நானேதான்.

பாஸ்டர் பிரசங்கத்தில் சூடு பிடித்திருந்தார். ஸில்பா அக்கா வழக்கம்போல முதல் பாட்டிலேயே விழுந்தாயிற்று. அவள் வாராவாரம் விழுகிறவள். அவளுக்கென்றே அந்த இடத்தில் ஒரு கம்பளம், கால் தெரியாமல் மூட ஒரு துப்பட்டி, எல்லாம் தயாராக இருக்கும். நான் பாட்டுக்கு எழுந்து நின்றேன். அவ்வளவுதான் தெரியும். அடுத்தது தரை.

சபைக்கு ஒரே கொண்டாட்டம். "அடேய், ஹோபர்ட்டுக்கே எறங்கிருச்சுடா! இனிமே யாருக்கும் எறங்கும்!" என்று பர்ல் கத்தினானாம். என்னைச் சுற்றி நின்று கைதட்டி ஒரு முழுப் பாட்டைப் பாடியிருக்கிறார்கள், ஒரு சரணம் விடாமல். பாஸ்டரின் புது மனைவி கேட்லின் மட்டும் பாடவில்லை. கொலம்பஸ் நகரத்துப் பெண் அது. "உதடு நீலமாயிருச்சு, உதடு நீலமாயிருச்சு" என்று அழுதுகொண்டே ஓடிப் போய் சபைப் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டது.

வண்டி வந்தது. அதில் வந்த பெண் கையில் எழுதுகிற அட்டையோடு, "என்னாச்சு இவருக்கு?" என்றாள்.

"ஆவி!" என்றது சபை, ஒரே குரலில்.

"ஆவின்னா? பேய் அடிச்சிருச்சா?"

"பரிசுத்த ஆவிம்மா! நீ எந்தச் சபை?" என்று ஸில்பா அக்கா கம்பளத்தில் படுத்தபடியே கேட்டாளாம்.

அதற்குள் எனக்கு நினைவு வந்துவிட்டது. "நான் நல்லாத்தாம்மா இருக்கேன், கர்த்தர் தொட்டாரு, அவ்வளவுதான்" என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். நம்மூர் ஆஸ்பத்திரியை மூடியபிறகு மலைக்கு அந்தப் பக்கம்தானே போக வேண்டும்? வழியெல்லாம் மல்லாந்து படுத்துக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு நான் வழி சொன்னேன். "தம்பி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவன்டா நான். இந்த வளைவுல கியரைக் குறை. குறைன்னா குறை!" ஆஸ்பத்திரியில் டாக்டர் வருகிற வழியாக இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பின்னாலேயே வந்த பர்லின் வண்டியில் ஏறி வந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை வழக்கம்போல பஸ் எடுத்தேன். பிள்ளைகள் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

நேற்று பில் வந்தது. இரண்டாயிரத்து எழுநூறு டாலர், அக்கா. என் வண்டியையே நான் அதற்குக் குறைவாகத்தான் வாங்கினேன். அதில் மைலுக்கு இவ்வளவு என்று தனியாக வேறு போட்டிருக்கிறான். இத்தனை வருடமாக அந்த மலையில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். மைலுக்கு அந்தக் காசை எனக்குக் கொடுத்திருந்தால் இந்நேரம் மலையையே வாங்கியிருப்பேன்.

இதில் யார் கட்டுவது என்பதுதான் கேள்வி. விழுந்தவனா, கூப்பிட்டவளா, விழத்தட்டியவரா? சபை கூடப் போகிறது. மற்றவை பிறகு. முட்டிக்குத் தைலம் தேய்.

உன் தம்பி,
ஹோபர்ட்


டேட்டன்
மார்ச் 15

தம்பி ஹோபர்ட்டுக்கு அக்கா எழுதுவது. முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது. வலியும் அதனுடனே இருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஆவியில் விழுந்தது நீ. எழுப்புதல் கூட்டத்துக்கு அம்மா இழுத்துக்கொண்டு போனால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனாக்கத்தியால் பெஞ்சைச் செதுக்கிக்கொண்டிருந்த அதே நீ. ஊரே அழுது புரண்டபோது, "அக்கா, சாப்பாடு எப்போ?" என்று கேட்ட அதே நீ. சரி, கர்த்தரால் ஆகாதது எதுவும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுது. விழுவதற்கு முன் இடது கை வலித்ததா? அப்பாவுக்கு அங்கேதான் முதலில் வலித்தது.

டெல்சி


ஸ்பைஸ்வுட் ஓடை
மார்ச் 29

அன்பான அக்காவுக்கு. சுகமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். நாய்க்கு மட்டும் வயிறு சரியில்லை, எதையோ தின்றுவிட்டது. பர்லின் அந்த பூட்ஸாக இருக்கும்.

சபைக் கூட்டம் நடந்தது. நீ பார்த்திருக்க வேண்டும். பர்ல் பொருளாளர் இல்லையா, காணிக்கைப் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பிரசவ ஆஸ்பத்திரியில் பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி.

பாஸ்டர் சொன்னார்: "ஆவியானவரால விழுந்தாருன்னா அது சபைக் காரியம், சபைதான் கட்டணும். ஒடம்புக்கு முடியாம விழுந்தாருன்னா அது அவர் காரியம்."

பர்ல் சொன்னான்: "கீழ தள்ளுன ஆவிக்குத் தூக்கி நிறுத்தத் தெரியாதா? அதுக்கு எதுக்கு பாஸ்டர் ஆம்புலன்ஸு?"

"வாயைக் கழுவு!" என்றாள் ஸில்பா அக்கா. "நான் பதினாலு வயசுல இருந்து விழறேன். ஒருநாளாச்சும் எனக்கு பில் வந்திருக்கா?"

"ஒன்னைத் தூக்குனா வண்டி டயரு தாங்காதுன்னு வரலயோ என்னவோ."

அதற்கு மேல் அரைமணி நேரம் கூட்டம் நடக்கவில்லை. ஸில்பா அக்காவைச் சமாதானப்படுத்துவதில் போயிற்று. அப்புறம் கேட்லின் எழுந்தது, பாவம், கண்ணெல்லாம் சிவந்து. "நான்தானே கூப்பிட்டேன், மாசாமாசம் கொஞ்சங்கொஞ்சமா நானே கட்டிடறேன். ஆனா ஒண்ணு சொல்றேன். ஸில்பாம்மா விழறப்ப கையை ஊன்றி மெதுவா விழுவாங்க. இவரு வெட்டுன மரம் மாதிரி விழுந்தாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீயே சொல்லுப்பா, எது தள்ளுச்சு?" என்றார் பாஸ்டர்.

"ஆவிதான்" என்றேன். வேறென்ன சொல்ல?

முடிவு என்னவென்றால், மே மாதம் ஒரு விருந்து வைக்கிறார்கள். பீன்ஸ் குழம்பு, சோளரொட்டி, பச்சை வெங்காயம். தட்டு வாங்குகிறவர்கள் இஷ்டப்பட்டதைப் போடலாம். பீன்ஸை ராத்திரியே ஊறப்போட வேண்டும், பன்றிக்கொழுப்பைத் தாராளமாகப் போட வேண்டும், இல்லையென்றால் அது பீன்ஸே இல்லை, கூழாங்கல். அன்றைக்கு நான் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டுமாம்.

விறகு பிளக்கிற வேலையை இப்போது பர்லே செய்து தருகிறான். நான் கேட்கவில்லை.

ஹோபர்ட்


டேட்டன்
ஏப்ரல் 5

ஹோபர்ட்,
நலம். கையைப் பற்றிக் கேட்டேன். பீன்ஸ் வேகிற பக்குவம் எழுதியிருக்கிறாய். அது எனக்குத் தெரியும்.

டெல்சி


ஸ்பைஸ்வுட் ஓடை
ஏப்ரல் 20

அக்காவுக்கு அநேக வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது, கையும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. நாய்க்கு வயிறு சரியாகிவிட்டது.

காப்பீட்டுக் கம்பெனிக்கும் பில்லை அனுப்பியிருந்தேன், அவர்கள் முடியாது என்று எழுதிவிட்டார்கள். சபைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு பெண் வந்தாள். குரல் நல்ல குரல்.

"சார், ஆம்புலன்ஸ் போனது அவசியமில்லைன்னு பதிவாயிருக்கு. நீங்களே சொல்லியிருக்கீங்க, 'நான் நல்லாத்தான் இருக்கேன், கர்த்தர் தொட்டாரு'ன்னு."

"தொட்டா விழமாட்டாங்களாம்மா?"

"விழலாம் சார். ஆனா எங்க பட்டியல்ல கர்த்தர் இல்லயே."

"அவரு இல்லாத பட்டியல வச்சு என்னம்மா நடத்தறீங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "சார், எங்க பாட்டியும் ஒங்க மாதிரி சபைதான். நான் ஒண்ணு சொல்றேன். ஒரு டாக்டரைப் பாருங்க. அன்னைக்கி இவருக்கு நெஞ்சுல கோளாறு, ஆம்புலன்ஸ் தேவைதான்னு அவரு எழுதிக் குடுத்தா நாங்க கட்டிடுவோம்."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இல்லாததை டாக்டரை எழுதித் தரச் சொல்வது பாவம் இல்லையா? அதனால் அந்த வழி அடைபட்டது. விருந்துதான் வழி.

இங்கே மலை பச்சை கட்டிவிட்டது. காலையில் மூடுபனி. செவ்வாய்க்கிழமை மேல் வளைவில் ஒரு காட்டு வான்கோழி. என்ன அழகு! பஸ்ஸை ஓரம் கட்டி, "பாருங்கடா பிள்ளைகளா" என்று காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனோம். பள்ளிக்கூடத்துக்குத் தாமதம்தான், போகட்டும்.

ஹோபர்ட்


டேட்டன்
ஏப்ரல் 28

ஹோபர்ட்,

நலம் விசாரிக்கிற மாதிரி இல்லை நான் இப்போது. நேராக வருகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். யோசித்தேன். டாக்டர் ஒரு வரி எழுதினால் பில் போய்விடும். அதற்குப் போகமாட்டேன் என்கிறாய். பாவமாம். வரி வசூலிக்க வந்தவனிடம் நாயை மாடு என்று கணக்குச் சொன்னவன் நீ. ஆகவே காரணம் பாவம் இல்லை. அந்த வரியை டாக்டர் எழுதிவிட்டால், வருடாவருடம் உனக்குப் பஸ் ஓட்டத் தருகிற சீட்டில் அவர் கையெழுத்துப் போடமாட்டார். அதுதானே?

அந்த வான்கோழிக்கும் வருகிறேன். நீ வான்கோழியைப் பார்த்தால் துப்பாக்கி எடுப்பாய், இல்லையென்றால் மிதித்துக்கொண்டு போவாய். மூடுபனியில் மேல் வளைவில், அந்தப் பக்கம் அதலபாதாளம் இருக்கிற இடத்தில், பறவையின் அழகை நின்று ரசிக்கிற ஆளாக நீ எப்போது மாறினாய்?

உன் மனைவி மெத்தீஸ் உயிரோடு இருந்தவரை அவள் உன்னைப் பார்த்துக்கொண்டாள். அவள் போனபிறகு அந்தப் பஸ்தான் உனக்கு வீடு என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள்தான் காலையில் உன்னை எழுப்புகிறார்கள் என்றும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். உனக்குப் பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்?

பதில் எழுது.

டெல்சி


டேட்டன்
மே 20

ஹோபர்ட்,
மூன்று வாரத்துக்கு மேலாகிறது. செத்திருந்தால் பர்லை விட்டு ஒரு வரி எழுதச் சொல்.
நான் சுகம்.

டெல்சி


ஸ்பைஸ்வுட் ஓடை
மே 27

அக்கா,

சாகவில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன். நீ கோபத்தில் நன்றாக எழுதுகிறாய், அம்மாவைவிட நன்றாக.

சனிக்கிழமை விருந்து முடிந்தது. கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். இரண்டு மலை தாண்டியிருக்கிற சபைக்காரர்கள்கூட வந்தார்கள், நான் விழுந்த இடத்தைப் பார்க்க. ஒரு கிழவர் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது ஸில்பா அக்கா விழுகிற இடம், நான் விழுந்தது இரண்டு பெஞ்சு தள்ளி. ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பீன்ஸ் தீர்ந்து, மறுபடி வேகவைத்து, அதுவும் தீர்ந்தது.

பஸ்ஸில் வருகிற பிள்ளைகளின் தாய்மார்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சுரங்கம் மூடினதிலிருந்து அவர்களிடம் காசு ஏது? ஆனாலும் ஒருத்தி பெட்டியில் போட்டுவிட்டு, "ஒங்க கையிலதான அண்ணே எங்க புள்ளைங்களைக் குடுத்திருக்கோம்" என்றாள்.

அப்புறம் பாஸ்டர் கூப்பிட்டார். எழுந்து நின்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"ஆவி எறங்குனப்ப எப்படிப்பா இருந்துச்சு?" என்றார் பாஸ்டர்.

நான் சொன்னேன்: "கோவேறு கழுதை நெஞ்சுல ஒதைச்ச மாதிரி இருந்துச்சு. எடது கை முழுக்க வலி. அதுக்கு முன்னாடி ஒரு வாரமா வலி. அது ஆவி இல்ல. ஏப்ரல் மாசம் மேல் வளைவுல மறுபடி வந்துச்சு. பஸ்ஸை நிறுத்திட்டு, வான்கோழி தெரியுது பாருங்கன்னு பிள்ளைங்ககிட்ட பொய் சொன்னேன். அதுங்க எல்லாம் ஜன்னல்ல ஒட்டிக்கிட்டுத் தேடுச்சு. பாதிப் பேரு பார்த்துட்டேன்னே சொல்லிடுச்சு. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

கேட்லின் முகத்தைக் கையால் மூடிக்கொண்டது.

அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களை நான் பார்க்கவில்லை. பஸ் சாவியை மேஜையில் வைத்தேன். "இனிமே பஸ்ஸுக்கு வேற ஆளு பாருங்க" என்றேன்.

பர்லுக்குத்தான் முதலில் வாய் வந்தது. "அப்ப இந்தக் காசு யாருது?"

ஸில்பா அக்கா அகப்பையை எடுத்து அவன் தலையில் ஒன்று போட்டாள்.

ஹோபர்ட்


டேட்டன்
ஜூன் 6

தம்பி,
உன் கடிதம் வந்தது. உட்கார்ந்து அழுதேன், பிறகு சாப்பிட்டேன். டாக்டரிடம் என்றைக்குப் போகிறாய்? தேதி எழுது. வான்கோழி எழுதாதே.

உன் அக்கா


ஸ்பைஸ்வுட் ஓடை
ஆகஸ்ட் 24

என் அன்பு அக்காவுக்கு. நெஞ்சில் அடைப்பை எடுத்துக் கம்பிச்சுருள் வைத்தபிறகு இது இரண்டாவது மாதம். மாடியேறினால் மூச்சு வாங்குவதில்லை. நம் வீட்டில் மாடி இல்லை, ஆஸ்பத்திரியில் ஏறிப் பார்த்தேன். நீ வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனபிறகு வீடு சுத்தமாக இருக்கிறது, எனக்கு எதுவும் கிடைப்பதில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். காப்பீட்டுக்காரர்கள் பில்லைக் கட்டிவிட்டார்கள். விருந்துக் காசைத் திருப்பித் தருகிறோம் என்று சபையில் சொன்னால் ஒருத்தரும் கை நீட்டவில்லை. அது அப்படியே பெட்டியில் இருக்கட்டும், அடுத்து விழுகிறவருக்கு ஆகட்டும் என்று முடிவு. ஒரே ஒரு விதி: எதனால் விழுந்தாய் என்று யாரும் கேட்கக்கூடாது.

விதி வந்ததோடு இன்னொன்றும் வந்தது, அக்கா. சபையில் இப்போது யாருமே விழுவதில்லை! ஆவி இறங்குகிற மாதிரி இருந்தால் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள், கேட்லின் போனை எடுத்துவிடுமோ என்று. ஸில்பா அக்காவே நாற்காலியில் உட்கார்ந்து, "நான் நல்லாருக்கேன், நான் நல்லாருக்கேன்" என்று சொல்லிக்கொண்டேதான் ஆடுகிறாள். பாஸ்டருக்கு ஒரே கவலை, எழுப்புதல் போயிற்றே என்று.

புது டிரைவர் நல்லவன்தான், கொஞ்சம் வேகம். பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில், பழக்கத்தில் விடியும் முன்பே எழுந்து, போட வேண்டிய சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பஸ் என்னைத் தாண்டிப் போயிற்று. பிள்ளைகள் எல்லா ஜன்னலிலும் கை ஆட்டின. உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மாட்டினேன். அன்றைக்கு அவ்வளவுதான் வேலை.

நேற்று ஞாயிறு. பாட்டு ஒன்றும் பெரிய பாட்டில்லை, ஆயிரம் தரம் கேட்டதுதான். எனக்கு என்னவோ அந்த ஜன்னல்களில் ஆடின கைகள் ஞாபகம் வந்தது. அப்புறம் மெத்தீஸ். நெஞ்சில் ஏதோ நிறைந்துகொண்டே வந்தது, அக்கா. கண்ணில் தண்ணீர். விழப் போகிறேன் என்று தெரிந்தது. பர்ல் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான்.

"டேய் ஹோபர்ட்! எதுடா இது? ஆவியா, நெஞ்சா?"

"விதியைப் படிடா! கேக்கக் கூடாது!" என்று ஸில்பா அக்கா கத்தினாள்.

"தெரியலடா" என்றேன். "எதுக்கும் கூப்பிட்டுரு."

கூப்பிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். இந்தத் தடவை டாக்டர் வரும்வரை படுத்தே கிடந்தேன், உன்மேல் ஆணை. ஒயரெல்லாம் ஒட்டி, ரத்தம் எடுத்து, ராத்திரி முழுக்க வைத்திருந்து பார்த்தார்கள். காலையில் டாக்டர் வந்து, "ஒங்க இதயம் அருமையா ஓடுதுங்க. ஒண்ணுமே இல்ல. அப்ப நேத்து என்னதான் ஆச்சு?" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு சொன்னேன்: "கர்த்தர் தொட்டாருங்க, இந்தத் தடவை நெசமாவே."

பில் வரும். காப்பீட்டுக்காரி கட்டமாட்டாள், எனக்கு இப்போதே தெரியும். பர்ல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாசாமாசம் கொஞ்சங்கொஞ்சமாக இதை நான்தான் கட்டுவேன். இது என்னுடையது.

உன் தம்பி,
ஹோபர்ட்